மாக்கிறட் கழுவிய தடயம்

கொழும்பிலிருந்து வெடிபொருள் நிபுணர்கள் வருகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் மாக்கிறட் முதலில் செய்த காரியம் விளக்குமாற்றைத் தேடியதுதான்.

அவளைக் குறைசொல்வதற்கில்லை. விருந்தினர் காலடி வைக்கும் முற்றம் குப்பையாய்க் கிடப்பதைவிடப் பெரிய பாவம் ஒன்று உண்டென்று எந்தச் சுவாமியும் அவளுக்குப் பிரசங்கித்ததில்லை. வருகிறவர்கள் காண விரும்புவதே அந்தக் குப்பையைத்தான் என்பது அவளுடைய எண்ணத்தின் எல்லைக்கு வெளியே கிடந்தது.

நடந்தது இதுதான். தலைமன்னார் இறங்குதுறைக்கு அண்மையிலுள்ள அந்த மீனவக் குறிச்சியில், திருவிழாவுக்கு முந்திய வாரம் மாதாவின் சொரூபம் வீடுவீடாக எழுந்தருளும். நிபுணர்கள் வருவதற்கு முதல்நாள் நண்பகல் மாக்கிறட் வீட்டு முறை. ஊர்ப் பெண்கள் வாசலில் திரண்டு நிற்க, வெள்ளைச் சீலை கட்டிய பந்தல் கடற்காற்றில் ஆட, கைகூப்பிப் பாடிய பாட்டு இரண்டாம் அடியை எட்டுமுன் வீட்டின் பின்புறத்தில் வானம் கிழிந்தாற்போல ஓர் ஓசை எழுந்தது. சமையலுக்கு இறக்கிய குசினிப் பத்தியின் கிடுகுச் சுவர் வெளியே சாய்ந்தது. கூரைத் தகரம் இரண்டு பறந்துபோய் வேலி முருங்கையில் தொங்கின. ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. கோழியொன்று மட்டும் தலைமுதல் வால்வரை நனைந்து, தன் இனத்தையே வெறுத்துவிட்டாற்போல வேலியோரம் போய்த் தனியே நின்றது.

வெடித்தது இன்னதென்று மாக்கிறட்டுக்கு நன்றாகத் தெரியும். அவளுடைய மருமகன் ஜெகதீபன் தமிழ்நாட்டு அகதிமுகாமில் வளர்ந்த காலத்தில், மீன்கழிவையும் வெல்லத்தையும் சேர்த்து ஊறவைத்துப் பயிருக்கு உரம் செய்யக் கற்றுக்கொண்டவன். உயிலங்குளத்தில் அவனுடைய தகப்பனுக்கு வயல் இருந்தது. ஆகவே மாமியார் வீட்டுப் பத்தியில் நீல நிறப் பிளாஸ்ரிக் பரல் இரண்டில் மீன்குடலும் பனங்கட்டியும் இட்டு மூடி வைத்திருந்தான். "மாமி, நாளுக்கொருக்கா மூடியைக் கொஞ்சம் இளக்கி விடுங்கோ, உள்ளுக்குக் காத்து ஊறும்" என்று சொல்லியும் இருந்தான். ஆனால் மாதா எழுந்தருளும் வீட்டில் மீன்நாற்றம் வீசலாமா? மாக்கிறட் இரண்டு பரல்களின் மூடிகளையும் இறுக்கி, இரும்புப் பட்டியைப் பூட்டி, போதாதென்று நைலோன் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் வரிந்து, வலைக்குப் போடும் முடிச்சால் முடிந்துவைத்தாள். வெயிலில் கொதித்த தகரத்தின் கீழே நின்ற பரலுக்குள் ஊறிய காற்றுக்குப் போக்கிடம் இல்லாமற் போயிற்று.

இவ்வளவோடு நின்றிருந்தால் ஊர் சிரித்துவிட்டு மறந்திருக்கும். ஆனால் யாரோ ஒருத்தி, "குண்டு! மாதா எங்களைக் குண்டிலயிருந்து காப்பாத்திப்போட்டா!" என்று நிலத்தில் விழுந்து கும்பிட்டாள். அந்தச் சொல் பற்றிக்கொண்டது. பின்னேரத்துக்குள் விடத்தல்தீவிலிருந்து வான் வண்டியில் ஆட்கள் வந்து மெழுகுதிரி ஏற்றத் தொடங்கிவிட்டார்கள்.

பொலிசாரும் வந்தார்கள். பத்தியின் பக்கத்திலிருந்து நனைந்தபடி ஓடிவந்த ஒரே ஆள் ஜெகதீபன். அவன் உள்ளதை உள்ளபடி சொன்னான். இன்ஸ்பெக்டர் பாலசிங்கம் அதை நம்பவில்லை. ஆனாலும் நீதிமானாகையால் மாக்கிறட்டைக் கூப்பிட்டு, சொரூபத்தின் முன்னிலையில், அத்தனை பெண்கள் சூழ நிற்கக் கேட்டார்.

"அம்மா, பின்னுக்கு மீன் பரல் ஏதும் இருந்ததோ?"

"மீன் பரலோ? எங்கட வீட்டிலயோ?" மாக்கிறட் நெஞ்சில் கைவைத்தாள். "மாதா வாற வீட்டில மீன் நாத்தம் வைச்சிருப்பமோ, ஐயா?"

ஊர்ச் செபக்குழுத் தலைவியான அவளுடைய வாயிலிருந்து வந்த சொல். இன்ஸ்பெக்டர் தலையசைத்தார். ஜெகதீபனுக்கு விலங்கு பூட்டினார்கள்.

தான் செய்தது இன்னதென்பது, ஜீப் திரும்பும்போது மகள் ஜெனிஸ்ரா பார்த்த பார்வையில்தான் அவளுக்கு விளங்கியது. பழைய ஷெல் குண்டொன்றை அறுத்து, மீன்பிடிக்க டைனமைற் செய்யப் பார்த்தான் என்பது இன்ஸ்பெக்டரின் முடிபு. மறுநாள் வரும் நிபுணர் 'குண்டு' என்று ஒரு சொல் எழுதினால் அவனைக் கொழும்புக்குக் கொண்டுபோய்விடுவார்கள். அப்படிப் போனவர்கள் திரும்பிவரும் நாளைக் கணிக்க எந்தப் பஞ்சாங்கமும் உதவாது.

சொன்னதை மாற்றிச் சொல்லலாம். அப்படிச் சொன்னால் அற்புதம் போகும்; விடத்தல்தீவார் மெழுகுதிரியோடு சேர்த்துச் சிரிப்பையும் கொண்டுபோவார்கள்; செபக்குழுத் தலைவி மாதாவுக்கு முன் பொய் சொன்னவள் ஆவாள். ஆகவே இரவெல்லாம் யோசித்து அவள் ஒரு நடுவழி கண்டாள். குண்டு இருக்க வேண்டும். குண்டு வைத்தவன் இருக்கக்கூடாது. யுத்த காலத்து ஷெல் ஒன்று நிலத்துக்குள் தானாகக் கிடந்து தானாக வெடித்ததாக ஆகிவிட்டால் மருமகனும் மீள்வான், மாதாவின் அற்புதமும் நிலைக்கும்.

விடிந்ததும் அவள் வேலை தொடங்கினாள். அற்புதத்துக்கென்று அவள் கேட்டதும் அயல்வீட்டார் அவரவர் வளவுகளில் கிடந்த பழைய ஷெல் துண்டுகளை ஆசையோடு தேடிக் கொடுத்தார்கள். இன்னொரு பக்கம், வெடியில் உருண்டு வேலிப் பற்றைக்குள் போய்ப் பொலிசின் கண்ணில் படாமல் கிடந்த மற்றப் பரலை மறைத்தாக வேண்டியிருந்தது. பொலிஸ் நாடா கட்டிய வீட்டில் சொரூபம் இருக்கலாகாதென்று அதை முதல்நாளே பக்கத்து வீட்டுக் கிறிஸ்ரினாவிடம் கொண்டுபோயிருந்தார்கள். அங்கே பீடம் தாழ்வாக இருந்தது கண்ணுக்கு உறுத்தியது. மாக்கிறட் பரலை உருட்டிக் கொண்டுபோய்ப் பந்தலின் நடுவே நிமிர்த்தி, வெண்பட்டுச் சீலை சுற்றி, அதன் மேல் மாதாவை எழுந்தருளச் செய்தாள். நல்ல உயரம். எல்லோரும் மெச்சினார்கள்.

பிறகு தன் வீட்டுக்கு வந்து வாளியையும் பினைலையும் எடுத்தாள்.

"அம்மா, மஞ்சள் நாடாவுக்குள்ள ஒருத்தரும் போகக்கூடாது" என்றான் காவலுக்கு இருந்த கான்ஸ்டபிள்.

"நான் போகேல்ல தம்பி, விளக்குமாறுதான் போகுது. பிட்டு ஆறுது, நீர் சாப்பிடும்."

இறால் கறியின் சுவையில் அவன் பிறகு ஒன்றும் பேசவில்லை. பத்தியின் சீமெந்துத் தரை கழுவப்பட்டது. பத்தி ஒட்டிநின்ற வீட்டுச் சுவர் தேய்க்கப்பட்டது. நீலப் பிளாஸ்ரிக் துண்டுகள் மறைந்தன. இறுதியில் மாக்கிறட் சட்டியில் தணலிட்டுச் சாம்பிராணி போட்டு, மூலைமுடுக்கெல்லாம் புகை காட்டினாள். அயலார் தந்த இரும்புத் துண்டுகளைத் துடைத்து, வெள்ளை விரிப்பொன்றில் காணிக்கைப் பொருள்போல அழகாக அடுக்கிவைத்தாள். வருகிறவர்கள் குனிந்து தேடிக் களைக்கக்கூடாதல்லவா?

நிபுணர் ஸுஹறா முக்காட்டின் மேல் வெள்ளைத் தொப்பியும் கையில் மெல்லிய உறையும் அணிந்து வந்திறங்கினார். நாற்பதைத் தாண்டிய, நிதானமான பெண். படம்பிடிக்கும் பைசர் கமராவோடு பின்னால் வந்தார். நாடாவின் வெளியிலேயே ஸுஹறா நின்றுவிட்டார். மூக்கை மட்டும் இருமுறை சுருக்கி விரித்தார்.

"இதை யார் கழுவினது?"

"நாங்கள்தான், மிஸ்." மாக்கிறட்டின் முகம் மலர்ந்தது. "இன்னும் ஒருக்காக் கழுவோணுமெண்டாலும் சொல்லுங்கோ."

பைசர் கமராவில் ஏதோ பழுது கண்டவர்போல மறுபக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய தோள்கள் குலுங்கின.

"வேண்டாம் அக்கா" என்றார் ஸுஹறா. "இவ்வளவு துப்புரவான இடத்தில நான் இதுவரைக்கும் வேலை செய்யேல்ல. எங்கட ஆய்வுகூடம்கூட இப்பிடி இல்ல."

மாக்கிறட் அதைப் பாராட்டாகவே வாங்கிக்கொண்டாள். ஜெனிஸ்ரா வாசற்படியில் குந்தியிருந்து தாயின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாக்கிறட்டின் கணவர் இராயப்பு முருங்கையின் கீழே கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். கேட்டால் மட்டுமே பேசும் மனிதர். முதல்நாள் முழுவதும் அவரை ஒருவரும் கேட்கவில்லை.

இன்ஸ்பெக்டர் பாலசிங்கம் விரிப்பைக் காட்டினார். "பாருங்கோ மேடம், எல்லாம் ஷெல் துண்டு. ஆள் அறுத்துக்கொண்டு இருந்திருக்கிறான். சாட்சி கையில கிடைச்சிட்டுது."

தானாக வெடித்த ஷெல்லுக்கென்று மாக்கிறட் அடுக்கிய துண்டுகள், மருமகன் அறுத்த ஷெல்லுக்குச் சாட்சி சொல்லப் புறப்பட்டுவிட்டன. "ஐயா, அது நிலத்துக்குள்ள..." என்று தொடங்கினாள்.

"நீங்கள் சும்மா இருங்கோ அம்மா. எங்கட வேலையை நாங்கள் பாக்கிறம்."

ஸுஹறா விரிப்பின் முன் முழந்தாளிட்டார். முதல் துண்டைக் கையில் எடுத்துத் திருப்பினார். அடுத்ததை எடுத்தார். அதற்கடுத்ததைக் கண்ணருகே கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தார். பின் இன்ஸ்பெக்டரிடம் நீட்டினார்.

"இது என்ன, சேர்?"

"ஷெல்."

"ஷெல்தான். அதில ஒட்டியிருக்கிறது?"

இன்ஸ்பெக்டர் கண்ணைச் சுருக்கினார். "சிப்பி."

"நேத்து மத்தியானம் வெடிச்ச குண்டில சிப்பி எப்ப குடியேறினது?" ஸுஹறா அடுத்த துண்டை எடுத்தார். "உடைஞ்ச இரும்பு எண்டா உடைஞ்ச முகம் புதுசா, பளபளப்பா இருக்கோணும். இதின்ர உடைஞ்ச முகத்திலயும் வெளிமுகத்திலயும் ஒரே பழைய துருக் கறள். இது உடைஞ்சு கனகாலம். இந்தா, இது வேலிப் படலையின்ர கீல். இது..." பெரிய இரும்பு உருண்டை ஒன்றை இரண்டு கைகளாலும் தூக்கினார். "இது ஒல்லாந்தர் காலத்துப் பீரங்கிக் குண்டு. நேத்து ஒல்லாந்தரும் வந்தவையோ?"

"அது அயல்வீட்டு யோசேப் அண்ணை கதவு அடிபடாமல் அண்டை குடுக்கிறது" என்றார் இராயப்பு, வலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மாக்கிறட் அவரைப் பார்த்த பார்வையில் வலையே பற்றியிருக்க வேண்டும்.

இன்ஸ்பெக்டர் தளரவில்லை. "சுவரில கரி இருக்கு, மேடம். வெடிமருந்துக் கரி."

ஸுஹறா சுவரருகே சென்று, வெள்ளைப் பஞ்சு ஒன்றால் கரியை மெல்லத் தொட்டு, மூக்கருகே கொண்டுபோனார். "வெடிமருந்துக்கு இப்பிடிக் கோயில் வாசம் வராது, சேர். சாம்பிராணி. சாம்பிராணி போட்டது யார் எண்டு நான் கேக்கப்போறதில்ல." ஆயினும் அந்தப் பஞ்சைக் குப்பியிலிட்டு அடைத்தார், இன்னும் சில பஞ்சுகளில் துளித்துளியாக மருந்துவிட்டு நிறம் மாறுகிறதா என்று காத்திருந்தார். நிறம் மாறவில்லை.

அதன் பின் அவர் செய்தவை மாக்கிறட்டுக்கு முதலில் விளங்கவில்லை. தரையில் குந்தி உள்ளங்கையால் தடவினார். குண்டு வெடித்திருந்தால் நிலத்தைத் தோண்டியிருக்கும் என்றும், இந்தத் தரையில் கோலம் போடலாம் என்றும் சொன்னார். பத்தியின் உள்மூலையில் அடுக்கியிருந்த மண்சட்டிகளை ஒவ்வொன்றாகத் தட்டினார். எல்லாம் கணீரென்றன. "நல்ல வெடிமருந்து எண்டா கிட்ட இருக்கிற சட்டியைத்தான் முதல்ல நொறுக்கும். இங்க சட்டி தப்பியிருக்கு, சுவர் விழுந்திருக்கு. அடிச்சு நொறுக்கினது இல்ல இது. தள்ளி விழுத்தினது." சாய்ந்த சுவரின் பக்கம் நடந்து, வேலியோரம் நின்றார்.

அங்கே பூனைகள் இருந்தன. குறிச்சியின் பூனைகள் எல்லாம் கூடிவிட்டனவோ என்று எண்ணும்படி, கிடுகின் அடியிலும் வேலியாக நட்ட கதியால்களின் மேலும் முருங்கையின் தூரிலுமாக இருந்து, கண்ணை மூடிப் பக்தியோடு நக்கிக்கொண்டிருந்தன. கழுதை ஒன்றும் வேலிக்கு மேலால் தலையை நீட்டி அந்தப் பூசையைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"பைசர், பூனையை எல்லாம் படம் எடும்" என்றார் ஸுஹறா.

"பூனையையோ?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஒவ்வொரு பூனையும் இருக்கிற இடம்தான், சேர், வெடிச்சது சிதறின எல்லை. பாருங்கோ, இந்தப் பக்கம் நெருக்கமா இருக்கு, அங்கால ஐதா இருக்கு. நடுவில கோடு இழுத்தா எல்லாம் பத்திக்குள்ள ஒரே இடத்தில வந்து சேருது. பினைல் போட்டுத் தரையைக் கழுவலாம். பூனையின்ர மூக்கைக் கழுவ ஏலாது." அவர் மாக்கிறட்டின் பக்கம் திரும்பினார். குரலில் கோபமில்லை, குறும்பு மட்டும் இருந்தது. "நானும் இந்த மன்னாரில முசலிக் கடற்கரைப் பக்கம் பிறந்தவ, அக்கா. படலையில நிக்கேக்கையே எனக்கு மணந்தது. ஆனா மூக்கை நீதிமன்றத்தில சாட்சியாக் குடுக்க ஏலாதே."

"மிஸ், இது கடற்கரை" என்றாள் மாக்கிறட். "கடற்கரை எண்டா மீன் மணக்கும்தானே."

"மீன் மணக்கும். பனங்கட்டியும் சேர்ந்து புளிச்சு மணக்குமோ?"

மாக்கிறட் குனிந்து, அணைந்த சாம்பிராணிச் சட்டியை எடுத்து ஊதத் தொடங்கினாள். அடுத்த வீட்டிலிருந்து பெண்கள் பாடும் புகழ்ப்பாட்டு, வெயிலோடு சேர்ந்து வேலிக்கு மேலால் மிதந்து வந்தது.

ஸுஹறா பத்தியின் நடுவில் நின்று மேலே பார்த்தார். எஞ்சிய கூரைத் தகரத்தின் அடிப்புறம் வெள்ளிப்பொட்டு வைத்தாற்போல மின்னியது. மீன்செதிள். விளக்குமாறு எட்டாத உயரம். அங்கிருந்து அவருடைய பார்வை வெளியே போய், வளவின் மூலையிலுள்ள இளம் பனையின் உச்சி வட்டில் நின்றது. அங்கே காகங்கள் ஒன்றையொன்று தள்ளி இடம்பிடித்துக்கொண்டிருந்தன.

"ஐயா" என்று இராயப்புவை அழைத்தார். "அந்தப் பனையில நீலமா ஏதோ கிடக்குது. எடுத்துத் தருவீங்களோ?"

இராயப்பு எழுந்தார். முதல்நாளிலிருந்து அவரை எவரும் கேட்ட முதற் கேள்வி அது. மனைவியின் முகத்தைப் பார்க்காமல், நுனியில் கொக்கி வைத்த நீண்ட கொக்கத்தடியை எடுத்துக்கொண்டு போனார். காகங்கள் வைதுகொண்டு எழும்ப, வட்டிலிருந்து ஒரு நீல மூடி தடதடவென விழுந்தது. இரும்புப் பட்டி அதில் கோணலாய்த் தொங்கியது. பட்டியின் மேலே நைலோன் கயிறு குறுக்கும் நெடுக்கும் வரிந்தபடியே இருந்தது. மூடியோடு பரலின் வாயும் கிழிந்து வந்திருந்தது.

ஸுஹறா அதைப் புரட்டிப் பார்த்து வியந்தார். "பிளாஸ்ரிக் கிழிஞ்சிருக்கு. இரும்பு வளைஞ்சிருக்கு. இந்த முடிச்சு மட்டும் அசையேல்ல! இப்பிடி ஒரு முடிச்சு நான் காணேல்ல. இது இளகித்தான் இருக்கோணும், பிறகு ஆரோ திரும்ப..."

"இளகிறதோ?" என்றாள் மாக்கிறட். "நான் போட்ட முடிச்சு சாகும்வரைக்கும் இளகாது, மிஸ்!"

வாசற்படியில் ஜெனிஸ்ரா எழுந்து நின்றாள். இன்ஸ்பெக்டர் பாலசிங்கம் மெல்லத் திரும்பினார்.

"அப்ப, மீன் பரல் இருந்தது" என்றார்.

"இருந்தது" என்றாள் மாக்கிறட், நிலத்தைப் பார்த்து. ஆயினும் செபக்குழுத் தலைவி அவ்வளவு எளிதில் அகப்படுகிறவள் அல்லள், நிமிர்ந்துகொண்டாள். "ஆனா அது பக்கத்தில சும்மா இருந்தது, ஐயா. குண்டு வெடிச்ச அதிர்ச்சியில அதுவும் கொஞ்சம் தெறிச்சது. குண்டுதான் குண்டு."

இன்ஸ்பெக்டருக்கு அது பிடித்திருந்தது. "அப்பிடியும் இருக்கலாம், மேடம். பரலுக்குள்ள டைனமைற்றை ஒளிச்சு வைச்சிருந்தா?"

ஸுஹறா மூடியை விரிப்பில் வைத்துவிட்டு, பள்ளிப்பிள்ளைகளுக்குச் சொல்வதுபோலப் பொறுமையாகச் சொன்னார். மூடியின் உட்புறத்தில் நெருப்புப் பட்ட அடையாளம் எங்குமில்லை. வெடிமருந்து சுட்டிருந்தால் பிளாஸ்ரிக் உருகியிருக்கும். இதுவோ மாவைக் கையால் இழுத்தாற்போல மெலிந்து, நீண்டு, பிறகுதான் கிழிந்திருக்கிறது. உள்ளேயிருந்து காற்று நெடுநேரம் மெல்லத் தள்ளியதற்கு இதைவிடத் தெளிந்த சாட்சி வேண்டியதில்லை. மீனும் வெல்லமும் புளிக்கும்போது காற்று உண்டாகும். வெயில் ஏற ஏற அது பெருகும். மூடி இளகாவிட்டால் பரல் வயிறு ஊதும். மூடி மேலே குவியும். வெயில் உச்சிக்கு வரும் நேரத்தில் வெடிக்கும்.

"இங்க இன்னொரு பரல் இருந்திருந்தா" என்று அவர் முடித்தார், "அதே மாதிரிக் கட்டி வெக்கையில வைச்சிருந்தா, அதுவும் இண்டைக்கு இந்நேரம் வெடிச்சிருக்கும். குண்டு இல்லாமலே. அப்பிடி ஒண்டு இருந்தா என்ர வேலை சுகம், ஆனா இல்லையே."

மாக்கிறட் வேலிக்கு அப்பால் பார்த்தாள். கிறிஸ்ரினா வீட்டுப் பந்தலின் வெண்சீலை வெயிலில் பளீரென்றது. வழமையாகப் பந்தலின் நடுவே நேராக நிற்கும் மாதா, இன்று சற்றே கிழக்குப் பக்கமாகச் சாய்ந்து, இறங்குதுறையைப் பார்ப்பதுபோல நின்றாள். சொரூபத்தைச் சூழப் பெண்கள் முழந்தாளில் இருந்தார்கள். மாக்கிறட்டின் அக்காவின் மருமகள் கைக்குழந்தையோடு முன்வரிசையில் இருந்தாள்.

மூடி மேலே குவியும் என்றல்லவா சொன்னார்?

"மிஸ்" என்றாள். "இன்னொண்டு இருக்குது."

"எங்க?"

அவள் நாடியை நீட்டி வேலிக்கு அப்பால் காட்டினாள். "மாதாவின்ர காலடியில."

ஸுஹறாவின் முகத்திலிருந்த குறும்பு ஒரு கணத்தில் அணைந்தது. "எல்லாரையும் எழுப்புங்கோ! கிட்ட ஒருத்தரும் போகக்கூடாது, எழும்பி வரச் சொல்லுங்கோ!"

இன்ஸ்பெக்டர் வேலியருகே ஓடி, "எல்லாரும் எழும்புங்கோ! உடன வெளியில வாங்கோ!" என்று கத்தினார். பெண்கள் அவரைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலை இன்னும் உயர்த்திப் பாடினார்கள். மாதாவின் முன்னிருந்து பொலிசுக்காக எழும்பும் வழக்கம் அந்தக் குறிச்சியில் இல்லை. மாக்கிறட் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கதியாலின் மேல் ஏறினாள்.

"கிறிஸ்ரினா! சனத்தை எழுப்பிக்கொண்டு வெளியில வா!"

கிறிஸ்ரினா செபமாலையை நிறுத்தவில்லை. கண்ணை மட்டும் உயர்த்தினாள். "ஏன் அக்கா?"

"அந்தப் பீடம் கூடாதடி!"

"நீங்கள்தானே வைச்சனீங்கள்? எங்கட வீட்டில மாதா ஒரு நாள் கூட இருந்தா உங்களுக்குப் பொறுக்காதே. நேத்து உங்கட வீட்டில அற்புதம், இண்டைக்கு எங்கட வீட்டில இருந்தா என்ன?"

ஊர் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தது. தெருவில் விடத்தல்தீவு வான் வந்து நின்றிருந்தது. மாக்கிறட் வானைப் பார்த்தாள், கைக்குழந்தையைப் பார்த்தாள். பின் அவள் குரலெடுத்துக் கூவினாள். பெரிய வெள்ளியில் அழுகைப் பாட்டுப் பாடிப் பழகிய குரல்.

"அது பீடம் இல்லையடி, மீன் பரல்! நேத்து வெடிச்சதும் மீன் பரல்! குண்டும் இல்ல, ஒண்டும் இல்ல. நான்தான் கட்டினனான், நான்தான் கழுவினனான், நான்தான் பொய் சொன்னனான்! இதுவும் வெடிக்கப்போகுது, எழும்பி ஓடுங்கோ!"

அந்தச் சொல்லின் வேகத்தில் செபமாலைகள் தரையில் விழுந்தன. முதலில் எழும்பி ஓடியவள் கிறிஸ்ரினாதான்.

ஜெகதீபனை அழைத்துவரச் சொன்னவர் ஸுஹறா. பொலிஸ் நிலையம் எட்டத்தில் இல்லை. ஜீப் அவனை விலங்கோடு கொண்டுவந்து இறக்கியது. அவன் மனைவியைப் பார்த்தான். ஜெனிஸ்ரா வாயைத் திறக்குமுன் கண் நிறைந்துவிட்டது. பிறகு அவன் மாதாவைப் பார்த்தான். பட்டுச்சீலையின் கீழே பிள்ளைத்தாய்ச்சிபோல வயிறு ஊதி நின்ற பரலைப் பார்த்தான்.

"மாமி" என்றான். "இதையும் கட்டினீங்களோ?"

"ஓம்."

"அதே முடிச்சோ?"

"அதே முடிச்சுத்தான், ராசா" என்றாள் மாக்கிறட். அவனை ராசா என்று அவள் அழைத்தது அதுவே முதல் தடவை.

பரல் குளிர்ந்தால் உள்ளே உள்ள காற்றும் அடங்கும் என்று ஸுஹறாவும் ஜெகதீபனும் ஒருமனதாக முடிவு செய்தார்கள். கவிழ்த்த படகொன்றின் மறைவிலிருந்து கிணற்று மோட்டரின் நீண்ட குழாயால் தண்ணீர் அடிக்கப்பட்டது. வெண்பட்டு நனைந்து ஒட்டியது. நீல வயிறு மெல்ல வடிந்தது. சாய்ந்திருந்த சொரூபம் சற்றே நிமிர்ந்தது. இனிச் சொரூபத்தை இறக்க ஒருவர் வேண்டும். எல்லோரும் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார்கள். இன்ஸ்பெக்டர் கான்ஸ்டபிளைப் பார்த்தார். கான்ஸ்டபிள் கடலைப் பார்த்தான்.

"விலங்கோட தூக்க ஏலாது, ஐயா" என்றான் ஜெகதீபன்.

இன்ஸ்பெக்டர் அவசரமாகத் திறப்பை எடுத்து விலங்கைக் கழற்றினார்.

ஜெகதீபன் செருப்பைக் கழற்றிவிட்டுப் போனான். ஈரச் சொரூபத்தை இருகைகளாலும் அணைத்துத் தூக்கிவந்து மாமியாரின் கைகளில் கொடுத்தான். மாக்கிறட் அதை மார்போடு சேர்த்துக்கொண்டாள். அவன் இராயப்புவிடம் கொக்கத்தடியை வாங்கி, நுனியில் மீன்வெட்டும் கத்தியைக் கட்டி, படகின் மறைவிலிருந்து முடிச்சை அறுக்கத் தொடங்கினான். முடிச்சு எளிதில் அறவில்லை. அத்தகைய நேரத்திலும் மாக்கிறட்டின் முகத்தில் பெருமை ஒரு நொடி எட்டிப்பார்த்து மறைந்தது.

"இன்னும் ஒண்டும் நடக்கேல்லையே" என்று இன்ஸ்பெக்டர் பாலசிங்கம் படகின் மறைவிலிருந்து வெளியே வந்தார். "உண்மையில உள்ளுக்கு மீன்தானோ எண்டு..."

கயிறு அறுந்தது. பட்டி தெறித்தது. பரல் ஒரு பெருமூச்சு விட்டது. வெடியாயிருந்தால் பொறுத்திருக்கலாம், அது மீன்குடலும் பனங்கட்டியும் ஒன்றாய் ஊறிய பெருமூச்சு. அதன் பின்னால் கபில நிறத் தாரை ஒன்று எழுந்து, அழகாக வளைந்து, இன்ஸ்பெக்டரின் தொப்பியிலிருந்து சப்பாத்துவரை ஆசீர்வதித்தது. ஜெகதீபனின் மேலும் அதில் ஒரு பங்கு விழுந்தது. அவன் அதற்குப் பழகியவனாகையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். வேலிக்கு அப்பாலிருந்த பூனைகள் அனைத்தும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கின.

"பைசர்" என்றார் ஸுஹறா. "எடுத்தீரோ?"

"எடுத்திட்டன், மேடம்."

"சேரின்ர சட்டையிலயிருந்தும் ஒரு மாதிரி எடுப்பம். ரெண்டு பரலும் ஒண்டுதான் எண்டு காட்ட உதவும்."

இன்ஸ்பெக்டரின் வாய் திறக்கும் நிலையில் இல்லை. கைலேஞ்சியால் முகத்தைத் துடைத்து முடித்த பின்பே பேசினார். "ஆளை நிலையத்துக்குக் கொண்டுபோய் வாக்குமூலத்தைத் திருத்தி எழுதித்தான் விடோணும். ஏறும், ஜீப்பில."

ஜெகதீபன் ஜீப்பை நோக்கி நடந்தான். சாரதி அமிர்தநாயகம், கதவைப் பூட்டிக்கொண்டு கண்ணாடியை விரலளவு மட்டும் இறக்கினார்.

"இந்த மணத்தோட ஏத்த மாட்டன், சேர். நாளைக்கு இதில எங்கட மேலதிகாரி போறவர்."

"அமிர்தநாயகம், இது கட்டளை."

"கட்டளை சரி, சேர். நீங்களும் பின்னுக்குத்தான் ஏறோணும்."

இன்ஸ்பெக்டர் தமது சட்டையைப் பார்த்தார். தம்மைச் சுற்றி நெருங்கிவரும் பூனைகளைப் பார்த்தார். ஸுஹறாவைப் பார்த்தார்.

"குண்டு இல்ல எண்டு நான் இப்பவே எழுதித் தாறன், சேர்" என்றார் அவர், முகத்தில் ஒரு கோடும் அசையாமல். "ஆளை வைச்சிருக்கத் தேவையில்ல."

"நாளைக்கு வாரும்" என்றார் இன்ஸ்பெக்டர் ஜெகதீபனிடம். "குளிச்சிட்டு வாரும்."

மாக்கிறட் சொரூபத்தைக் கிறிஸ்ரினாவின் கைகளில் கொடுத்தாள். பின் தன் வீட்டுக்குப் போய்க் கிணற்றில் வாளியை இறக்கினாள், சவர்க்காரத்தை எடுத்தாள், மருமகனைக் கல்லில் இருத்தி, மகள் தடுக்கத் தடுக்க, தன் கையாலேயே அவன் தலையில் தண்ணீர் ஊற்றத் தொடங்கினாள்.